டாட்டர்ஷால் அகழியும் திரும்பி வந்த கணப்புகளும்

நேயர்களுக்கு வணக்கம். கோட்டை என்றதும் எல்லோரும் மதிலைப் பார்ப்பார்கள், என் கண் அகழிக்குத்தான் போகும். இங்கிலாந்தில் லிங்கன்ஷையர் பக்கம் டாட்டர்ஷால் என்று ஒரு கோட்டை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அகழிகள், நடுவில் 100 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் செங்கல் கோபுரம். மன்னர் ஆறாம் ஹென்றியின் கருவூலத் தலைவராக இருந்த ரால்ஃப் குரோம்வெல் 15-ஆம் நூற்றாண்டில் கட்டியது.

கோபுரத்துக்குள் கல்லில் செதுக்கிய கணப்புகள் உண்டு. குளிர் தேசமல்லவா, சுவரோடு சேர்த்து நெருப்பு மூட்டும் இடம் அது. அவற்றில் குரோம்வெல் தன் பதவியின் அடையாளமாகப் பணப்பையைச் செதுக்க வைத்தார். 1910-ல் கோட்டை கைமாறியது, அப்புறம் கணப்புகளைச் சுவரிலிருந்து பெயர்த்தே எடுத்துவிட்டார்கள், அமெரிக்காவுக்குக் கப்பலேற்ற! சும்மா கழற்றி மாட்டும் பொருளா அது? சுவரில் பெரிய பெரிய ஓட்டைகள். கோபுரமே செங்கல் செங்கலாகப் போய்விடும் என்ற பயம் வேறு.

அப்போது வந்தவர் கர்சன். ஆமாம், வங்காளத்தைப் பிரித்த அதே கர்சன் பிரபு. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் நம் பழைய கோயில் வாசல்களில் தொல்லியல் துறையின் பலகையைப் பார்க்கிறோமே, அந்தப் பாதுகாப்புக்கு வழி போட்ட 1904-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் வைஸ்ராயாக இருந்தபோது வந்ததுதான். 1911-ல் அவர் டாட்டர்ஷாலை விலைக்கு வாங்கினார். கணப்புகளைத் தேடி, லண்டனில் கண்டுபிடித்து, அவற்றையும் மீட்டு, 1912-ல் பழைய இடத்திலேயே பொருத்தினார். திரும்பவும் சொல்கிறேன், பழைய இடத்திலேயே. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் வைத்திருந்தால் பாதி அர்த்தம் போயிருக்கும்.

தூர்ந்து கிடந்த அகழியையும் தோண்டித் தண்ணீர் விட்டார். இந்த விவகாரம் கிளப்பிய சூட்டில் 1913-ல் அங்கே புதிய சட்டம் வந்தது: பாதுகாக்க வேண்டியது என்று அரசு பட்டியலில் சேர்த்த பழைய சின்னத்தை இடிக்கவோ மாற்றவோ நினைக்கும் உரிமையாளர் ஒரு மாதம் முன்பே அரசுக்குச் சொல்ல வேண்டும் என்றது அது.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள், அகழிச் சேற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். சுருக்கமாக: ஈரச் சேற்றில் காற்று புகாது, அதனால் மரம், தோல், விதை எல்லாம் பல நூற்றாண்டு மக்காமல் கிடக்கும். அகழியைத் தூர்வாருகிறோம் என்று இயந்திரத்தை இறக்குபவர்கள் முதலில் தொல்லியலாளரைக் கூப்பிடுங்கள். வணக்கம்.