டம்ளர் உடைஞ்சு போச்சு

(போன ஞாயித்துக்கிழமை எங்க வாசகர் வட்டத்துல பேசினது. ரெக்கார்டிங் பாதியிலயே நின்னு போச்சு. சரி, உண்மையச் சொல்றேன், போனுக்கு சார்ஜ் போட நான்தான் மறந்துட்டேன். மீதிய ஞாபகத்துல இருந்து டைப் பண்ணிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்க ஜனாதிபதிகளோட பேச்சு பத்தின்னு நோட்டீஸ்ல போட்டுட்டாங்க, அதனால லிங்கன், கென்னடின்னு பெரிய மேடைப்பேச்சா வரும்னு நெனச்சு வந்திருப்பீங்க. அவங்களும் வருவாங்க, கொஞ்சம் பொறுங்க. நான் மொதல்ல எடுக்கப் போறது யாரும் வாயத் தொறந்து பேசாத ஒரு பேச்சு. மொத்தமே நாலு வாக்கியம்தான்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. சின்னப் பையன் கண்ணாடி டம்ளரக் கீழ போட்டுட்டான்னு வைங்க, அம்மாகிட்ட போய் என்ன சொல்வான்? "அம்மா, டம்ளர் உடைஞ்சு போச்சு"ம்பான். உடைச்சேன்னு சொல்ல மாட்டான். டம்ளருக்கு என்னமோ வாழ்க்கை வெறுத்துப் போய் அதுவே ஷெல்ஃபுல இருந்து குதிச்ச மாதிரி. இது பையன்கிட்ட மட்டும் இல்ல. நான் வேலை பாத்த ஆபீஸ்ல ஒரு தடவை ஒரு பெரியவரோட ஃபைல தொலைச்சது நான், அவருக்கு பதில் லெட்டர் எழுதினதும் நான்தான், அதுல என்ன எழுதினேன் தெரியுமா, "தங்களது கோப்பு தவறவிடப்பட்டுள்ளது". யார் தவற விட்டா? லெட்டர்ல ஆளே இல்ல. அவரு அத ரெண்டு தடவை படிச்சுட்டு என்னையே பாத்தாரு பாருங்க, அந்தப் பார்வை இன்னும் போகல.

இப்ப 1944 ஜூன் 5, ரெண்டாம் உலகப் போர் நடக்குது. இங்கிலாந்துல போர்ட்ஸ்மத் பக்கத்துல ஐசன்ஹோவர் உக்காந்திருக்காரு. அப்ப அவரு ஜனாதிபதி இல்ல, நேச நாட்டுப் படைக்கெல்லாம் தளபதி, ஜனாதிபதியானது 1953ல. மறுநாள் காலைல ஜெர்மன்காரன் கையில இருக்கிற பிரான்ஸ்ல, நார்மண்டி கரையில ஒன்றரை லட்சம் பேருக்கு மேல இறங்கணும். ஜூன் 5ன்னு இருந்தத வானிலை சரியில்லன்னு ஒரு நாள் தள்ளிப் போட்டாச்சு, இன்னும் தள்ளினா கடலோட ஏத்த இறக்கமும் நிலா வெளிச்சமும் ஒத்து வர்றதுக்கு ரெண்டு வாரமாவது ஆகும், அதுக்குள்ள விஷயம் ஜெர்மன்காரன் காதுக்குப் போயிரும், வானிலை ஆபீசர் ஸ்டாக் நடுவுல கொஞ்ச நேரம் காத்து அடங்கும்னு சொல்றாரு, அத நம்பி போகலாம்னு சொல்லியாச்சு. அதுக்கப்புறம் தளபதிக்கு என்ன வேலை? ஒண்ணும் இல்ல. அம்பு கைய விட்டுப் போயிருச்சு. அப்பதான் ஒரு சின்ன பேப்பர எடுத்து, தோத்துட்டா நாளைக்கு உலகத்துக்கு என்ன சொல்றதுன்னு எழுதி வெக்கிறாரு.

அந்த பேப்பர் இப்பவும் கான்சஸ்ல அபிலீன் ஊர்ல அவர் பேர்ல இருக்கிற லைப்ரரில இருக்கு. மொத வாக்கியத்துல, நம்ம படை கால் ஊன முடியல, "துருப்புகள் வாபஸ் பெறப்பட்டுவிட்டன" அப்படிங்கிற மாதிரிதான் மொதல்ல எழுதிருக்காரு. நம்ம ஆபீஸ் பாஷையேதான். அப்புறம் அத அடிச்சுட்டு "நான் துருப்புகள வாபஸ் வாங்கிட்டேன்"னு மாத்திருக்காரு. அடுத்த வாக்கியம் "இந்த நடவடிக்கை"ன்னு ஆரம்பிக்குது, அதையும் அடிச்சுட்டு "இந்த நேரத்துல இந்த இடத்துல தாக்கணும்ங்கிற என் முடிவு"ன்னு எழுதுறாரு. மூணாவது, படை ஆளுங்க வீரத்துலயும் கடமைலயும் ஒரு குறையும் வெக்கல. நாலாவது, இதுல ஏதாவது பழி, குத்தம்னு இருந்தா அது என்னோடது மட்டும்தான். அந்தக் கடைசி ரெண்டு வார்த்தைக்கு அடியில ஒரு கோடு.

அடிச்சுத் திருத்தின அந்த ரெண்டு இடத்துலயும் என்ன நடந்திருக்குன்னு பாருங்க. "உடைஞ்சு போச்சு"ன்னு கை தானா எழுதிருச்சு, மனுஷன் அத அடிச்சுட்டு "உடைச்சேன்"னு எழுதிருக்காரு. கீழ தேதி வேற ஜூலை 5ன்னு தப்பா போட்டிருக்காரு. ஜூன், ஜூலைகூட தெரியாத அளவுக்குத் தூக்கம் இல்லாத மண்டை, ஆனா எழுவாய் எங்க வரணும்னு மட்டும் தெரிஞ்சிருக்கு.

சரி, ஜனாதிபதிகளுக்கு வருவோம். "தவறுகள் நேர்ந்துவிட்டன", இது வெள்ளை மாளிகையில ரொம்பப் பழைய வாக்கியம். 1876ல ஜனாதிபதி கிராண்ட் கடைசி அறிக்கையில இத எழுதினாரு, அவராச்சும் கூடவே "நானும் ஒத்துக்கிறேன்"னு சேத்தாரு. 1987 ஜனவரில ரீகன் வந்தாரு. ஈரானுக்கு ரகசியமா ஆயுதம் வித்து, அந்தக் காசுல நிகரகுவா அரசாங்கத்த எதிர்த்து சண்டை போட்ட கான்ட்ராக்களுக்கு உதவி போன விவகாரம் சந்தி சிரிச்சுக்கிட்டு இருந்த நேரம், நாடாளுமன்றத்துல நின்னு பெரிய தவறுகள் நேர்ந்துவிட்டனங்கிறாரு. யாரால? டம்ளராலதான். அப்புறம் மார்ச் 4ஆம் தேதி டிவில வந்து பேசினது கொஞ்சம் தேவல, பணயக்கைதிகளுக்காக ஆயுதம் குடுக்கலன்னு சொன்னேன், என் மனசு இன்னும் அதுதான் உண்மைங்குது, ஆனா ஆதாரம் அப்படி இல்லங்குதுன்னாரு. இதுலயும் பாருங்க, மனசு பேசுது, ஆதாரம் பேசுது, ஆளு நடுவுல பஞ்சாயத்து பண்றாரு. ஆனா கேக்கறதுக்கு எவ்வளவு இதமா இருக்கும்ங்கிறீங்க, அந்தக் குரலுக்கே பாதி பேர் மன்னிச்சிருப்பாங்க.

அப்ப "நான்"னு சொல்லிட்டா போதுமான்னு கேப்பீங்க. போதாது. 1973 ஏப்ரல் 30, வாட்டர்கேட் பத்தி, அதாவது எதிர்க்கட்சி ஆபீஸுக்குள்ள திருட்டுத்தனமா ஆள் புகுந்த விவகாரம் பத்தி, ஜனாதிபதி நிக்சன் டிவில பேசுறாரு. கீழ இருக்கிறவங்க மேல பழி போடறது கோழைத்தனம், மேல இருக்கிறவன்தான் பொறுப்பேத்துக்கணும், நான் ஏத்துக்கிறேன்னாரு. இலக்கணமெல்லாம் கச்சிதம். ஆனா விசாரணைய அமுக்கப் பாக்கச் சொல்லி 1972 ஜூன் 23ஆம் தேதியே அவரு பேசினது டேப்புல இருந்துச்சு, அது 1974 ஆகஸ்ட்ல வெளிய வந்த நாலாவது நாள் பதவி போயிருச்சு.

கென்னடி கதை வேற. 1961 ஏப்ரல்ல கியூபாவுல பன்றிகள் விரிகுடாவுல, காஸ்ட்ரோ ஆட்சியக் கவுக்க, நாட்ட விட்டு வந்த கியூபாக்காரங்க 1,400 பேர இறக்கி விட்டு மானம் போச்சு, ஆயிரம் பேருக்கு மேல மாட்டிக்கிட்டாங்க. திட்டம் என்னமோ ஐசன்ஹோவர் காலத்துல ஆரம்பிச்சது, அவர் தலையில கட்டிருக்கலாம். கட்டல. ஜெயிச்சா நூறு அப்பன், தோத்தா அனாதைன்னு ஒரு பழமொழி உண்டு, இந்த அரசாங்கத்துக்குப் பொறுப்பான ஆளு நான்தான்னு நிருபர்கள்கிட்ட சொல்லிட்டாரு. காலப் கருத்துக்கணிப்புல ஆதரவு 83 சதவீதத்துக்கு ஏறிருச்சு! உடனே இது நல்ல டெக்னிக்கா இருக்கேன்னு குறிச்சு வெச்சுக்காதீங்க. கார்ட்டர் இருக்காரு.

1980 ஏப்ரல் 25, காலைல ஏழு மணி. ஈரான்ல அடைபட்ட அமெரிக்கர்கள மீட்கப் போன எட்டு ஹெலிகாப்டர்ல அஞ்சுதான் தேறிச்சு, ஆறு வேணும், அதனால திரும்பி வந்துருங்கன்னு உத்தரவு போட்டாச்சு, திரும்புற நேரத்துல பாலைவனத்துல ஒரு ஹெலிகாப்டரும் விமானமும் மோதி எட்டு வீரர்கள் செத்துட்டாங்க. கார்ட்டர் டிவில வந்து, மீட்கப் போகணும்னது என் முடிவு, பிரச்சினை வந்ததும் கைவிட்டதும் என் முடிவு, பொறுப்பு முழுக்க என்னுதுன்னாரு. மழுப்பல் ஒண்ணும் இல்ல. நவம்பர்ல தோத்தாரு. கைதிங்க 52 பேரும் விடுதலையானது 1981 ஜனவரி 20, ரீகன் பதவியேத்து சில நிமிஷத்துல. எனக்கு இந்த மனுஷன நெனச்சா ஒரு மாதிரி ஆயிரும்.

லிங்கனக் கேட்டீங்களே. 1863 ஜூலை 13ஆம் தேதி ஜெனரல் கிராண்டுக்கு, பின்னாடி ஜனாதிபதியான அதே கிராண்டுக்குத்தான், ஒரு கடிதம் எழுதினாரு, அதுவரைக்கும் ரெண்டு பேரும் நேர்ல பாத்த ஞாபகம்கூட அவருக்கு இல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல தெற்குக்காரங்க கையில இருந்த விக்ஸ்பர்க் ஊர கிராண்ட் பிடிச்சுட்டாரு. நடுவுல நீங்க வடக்க திரும்பினப்ப அது தப்புன்னு நான் பயந்தேன், நீங்க சொன்னது சரி, நான் தப்புன்னு எழுதுறாரு. யாரும் கேக்கல. கிராண்டுக்கு அவர் நெனச்சதே தெரியாது. சொல்லாமலே விட்டிருக்கலாம்.

கடைசியா ஐசன்ஹோவர் கிட்டயே திரும்புறேன், ஏன்னா அவர ரொம்பத் தூக்கி வெச்சுட்டேன். 1960 மே 1ல யூ-2 உளவு விமானத்த சோவியத் சுட்டு வீழ்த்தினப்ப, அது வானிலை ஆராய்ச்சி விமானம்னு நாசா பேர்ல கதை விட்டது இதே ஐசன்ஹோவர் அரசாங்கம்தான். விமானி உயிரோட இருக்காருன்னு சோவியத் தலைவர் குருஷேவ் சொன்னதும் கதை கந்தலாச்சு, அப்புறம்தான் ஜனாதிபதி தன் பொறுப்புன்னு ஒத்துக்கிட்டாரு. அதே ஆளுதான்.

அந்த 1944 பேப்பர் அவர் பர்ஸுலயே கிடந்துச்சு. தாக்குதல் ஜெயிச்சுருச்சே, இனி அது எதுக்கு? ஜூலைல அது கையில தட்டுப்பட்டதும் தூக்கிப் போடப் போனாரு, கூட இருந்த கடற்படை உதவியாளர் புட்சர் குடுங்கன்னு கேட்டு வாங்கி வெச்சுக்கிட்டாரு. அப்ப புட்சர்கிட்ட ஐசன்ஹோவர் சொன்னாராம், இதுக்கு முன்னாடி கடல் வழியா படை இறக்கின ஒவ்வொரு தடவையும் இப்படி ஒண்ணு எழுதி வெச்சுக்கிட்டேன், எல்லாத்தையும் யாருக்கும் தெரியாம கிழிச்சுப் போட்டுட்டேன்னு.