துருவும் தூரிகையும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வாதிட்டு அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

பழைய வாகனத்தின் நினைவைப் பெரிதும் காப்பது அதைப் புதுப்பிக்கும் பட்டறையா, அதைத் தீட்டும் தூரிகையா என்பது இன்று நம்முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி. தூரிகையே என்று வழக்குரைக்க வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், ஓடாத வண்டி வெறும் இரும்பு என்றார்; துருவைச் சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, எஞ்சினை மீண்டும் முழங்க வைப்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்றார். அந்த உழைப்பின் அருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எஞ்சின் ஓசையை எந்த ஓவியமும் தராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவர் அவர்களே, புதுப்பிக்கப்பட்ட வண்டி எந்த நாளுக்குத் திரும்புகிறது? தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளுக்கு. அன்று அதில் எந்தக் குழந்தையும் ஏறியிருக்கவில்லை, எந்தச் சுமையும் ஏற்றப்படவில்லை, அது எவருக்கும் சொந்தமாகக்கூட ஆகியிருக்கவில்லை. நாம் ஏங்குவதோ அதற்குப் பிந்தைய முப்பது நாற்பது ஆண்டுகளுக்காக. உப்புத்தாள் முதலில் தேய்த்தெடுப்பது அந்த ஆண்டுகளைத்தான்.

மேடையோரம் வைத்திருக்கும் எண்ணெய் ஓவியத்தை அவையோர் ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டுகிறேன். புல் மண்டிய வெளியில் ஒரு பழைய லாரி நிற்கிறது. முகப்பு விளக்கு ஒன்றில் கண்ணாடி இல்லை. மட்கார்டின் சிவப்பு, வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்தாற்போல் மங்கியிருக்கிறது. ஓட்டுநர் பக்கத்துக் கதவில், ஜன்னலின் கீழ் விளிம்பில், ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் வண்ணம் போய் உலோகம் வழவழவென்று மின்னுகிறது. மழையும் வெயிலும் அப்படி ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்துத் தேய்க்கமாட்டா. அது ஒருவர் ஆண்டுக்கணக்கில் முழங்கையை ஊன்றியிருந்த இடம். அவர் ஓவியத்தில் எங்கும் இல்லை. எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டினார் என்பது மட்டும் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இதற்கு எண்ணெய் வண்ணமே ஏன் பொருந்துகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த சான்று அதுதான். துரு என்பது இரும்பு ஆக்சைடு. துருவைத் தீட்ட ஓவியர் எடுக்கும் காவி, சியன்னா, அம்பர் ஆகிய மண் நிறமிகளுக்கும் நிறம் தருவது பெரும்பாலும் அதே இரும்பு ஆக்சைடுதான். மஞ்சள் காவியைச் சூடேற்றினால் அது செந்நிறமாகிறது. ஆகவே அந்த மட்கார்டின் மேல் ஓவியர் பூசியிருப்பது துருவின் சாயலை மட்டும் அன்று, துருவின் உறவுப்பொருளையே. இன்னும் ஒன்று: அந்த நிறமிகளைக் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல மெல்ல ஏற்று இறுகுகிறது. வெளியில் நின்ற லாரியை எந்தக் காற்று ஈரத்தோடு சேர்ந்து அரித்ததோ, அதே காற்றுதான் திரைச்சீலையில் அந்த லாரியை உறுதியாக்கி நிறுத்துகிறது. அந்த வண்ணம் நாட்கணக்கில் ஈரமாகவே இருப்பதால்தான், பழுப்புக்கும் செம்மைக்கும் இடையே எல்லையே தெரியாமல் ஓவியரால் குழைக்க முடிகிறது. நம் நினைவிலும் அந்த வண்டி அப்படித்தானே மங்கலும் துலக்கமும் கலந்து நிற்கிறது?

ஓவியர் இல்லாததைச் சேர்ப்பார், எனவே அவர் சாட்சியை நம்பலாகாது என்றும் எதிரணியில் ஒரு வாதம் வந்தது. சேர்ப்பார் என்பது உண்மைதான். 1805-இல் டிரஃபால்கர் கடற்போரில் நின்ற டெமரேர் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல், 1838-இல் உடைக்கப்படுவதற்காகத் தேம்ஸ் ஆற்றில் இழுத்துச் செல்லப்பட்டது. பாய்மரங்கள் ஏற்கெனவே கழற்றப்பட்டுவிட்டன. ஆனால் 1839-இல் ஆங்கிலேய ஓவியர் டர்னர் காட்சிக்கு வைத்த ஓவியத்தில் அக்கப்பல் பாய்மரங்களோடு, வெளிறிய பொன்னிறத்தில், கரிய நீராவிப் படகின் பின்னால் வருகிறது. மக்கள் மனத்தில் அந்தக் கப்பல் எப்படி நின்றதோ அப்படியே அதை வழியனுப்ப விரும்பினார் என்றே நான் கொள்கிறேன். கப்பலின் மரங்கள் பிரிக்கப்பட்டுப் போயின. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் அது இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. டர்னர் அந்த ஓவியத்தைத் தம் வாழ்நாளில் விற்கவே இல்லை.

நடுவர் அவர்களே, எதிரணியினர் இந்த லாரியையும் பட்டறைக்கு அழைத்துப்போக ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையில் அன்பு இருக்கிறது. எஞ்சினைச் சீர்செய்யட்டும், சக்கரங்களை மாற்றட்டும், மறுப்பில்லை. ஆனால் கதவுக்கு வரும்போது, ஜன்னல் விளிம்பில் தேய்ந்திருக்கும் அந்த ஒரு சாண் இடத்தையும் அவர்கள் பட்டி வைத்து நிரவித்தான் ஆகவேண்டும். அவர்கள் தொழிலின் நேர்த்தி அதைக் கேட்கும். அந்த இடத்தை அப்படியே விட்டுவைத்த கைக்கே தீர்ப்பு வழங்க வேண்டும் என்று தங்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.