காப்புறுதிப் படிவம் கேட்கும் ஐந்து ஆண்டுகள்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். லண்டனில் வாகனக் காப்புறுதித் தரகர் அலுவலகம் ஒன்றில் நீண்ட காலமாகப் பணியாற்றி வருகிறேன். வேகமாக ஓட்டியதற்காகச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏறிய தண்டப் புள்ளிகளைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எப்போது, எப்படி அறிவிப்பது என்பதைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டபோது, என் மேசைக்கு முன்னால் வந்து அமர்ந்த ஒரு தந்தையும் மகனுமே முதலில் நினைவுக்கு வந்தார்கள்.

தந்தைக்கு அறுபது வயதிருக்கும். சுற்றுவட்டம் ஒன்றில் அவருடைய கார் இன்னொரு காருடன் மோதி, திருத்த முடியாத அளவுக்குச் சேதமடைந்திருந்தது. இழப்பீடு கோரியபோது, விண்ணப்பத்தில் தெரிவிக்கப்படாத வேகக் குற்றம் ஒன்று அவருடைய பதிவில் இருப்பதாகக் காப்புறுதி நிறுவனம் கடிதம் எழுதியிருந்தது. அந்த விண்ணப்பத்தை விலை ஒப்பிடும் இணையத்தளம் ஒன்றில் நிரப்பியவர் மகன். "அப்பா, உங்களுக்குப் பொயின்ற்ஸ் இருக்கா?" என்று அவர் கேட்டது எங்கள் அலுவலகத்தில் வைத்துத்தான். தந்தை கார் பத்திரங்கள் வைத்திருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து, நான்காக மடித்து மடிப்பெல்லாம் கிழியும் நிலையில் இருந்த ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். "காசைக் கட்டிப்போட்டன், அதோட முடிஞ்சுது எண்டு நினைச்சன் தம்பி" என்றார். மணிக்கு 20 மைல் வீதியில் 27 மைல் வேகத்தில் சென்றதற்கான 100 பவுண் தண்டம், 3 புள்ளிகள், வேக எல்லையை மீறியதைக் குறிக்கும் எஸ்.பி.30 என்ற குறியீடு. வீட்டில் எவருக்கும் சொல்லவில்லை. படிவத்தை நிரப்பிய பிள்ளை, அறியாமல், "இல்லை" என்று அழுத்திவிட்டார்.

இந்த நாட்டில் நம்முடைய பெற்றோர் பலருக்குப் படிவங்களை நிரப்புவது பிள்ளைகளே. தந்தைக்காக மகன் கொடுத்த பதிலை, தந்தை கொடுத்த பதிலாகவே நிறுவனம் எடுத்துக்கொள்ளும். தண்டக் கடிதத்தை மறைப்பது பெரும்பாலும் ஏமாற்றும் எண்ணத்தால் அல்ல, பிள்ளைகளுக்கு முன்னால் ஏற்படும் கூச்சத்தால் என்பதை நான் நன்கு அறிவேன். ஆனாலும் அந்தக் கூச்சத்துக்குக் குடும்பம் கொடுக்கும் விலை பெரிது.

எவ்வளவு பெரிது என்பதை அந்தக் குடும்பத்தின் கணக்கையே வைத்துச் சொல்கிறேன். நுகர்வோர் காப்புறுதி தொடர்பாக 2012 இல் இயற்றப்பட்டு, 2013 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், தவறான தகவலை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. தெரிந்தே அல்லது உண்மையா பொய்யா என்று பொருட்படுத்தாமல் சொன்னது ஒன்று. கவனக்குறைவால் சொன்னது மற்றொன்று. முதலாவது வகையானால் ஒப்பந்தத்தையே தொடக்கத்திலிருந்து இல்லாததாக்கி, எந்த இழப்பீடும் கொடாமல், கட்டிய பணத்தையும் பொதுவாகத் திருப்பித் தராமல் இருக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. இரண்டாவது வகையில், உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்று பார்க்கப்படும்: காப்புறுதியே கொடுத்திருக்காது என்றால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கோரிக்கையை நிராகரிக்கலாம், கூடுதல் கட்டணம் கேட்டிருக்கும் என்றால் அந்த விகிதத்துக்கு இழப்பீட்டைக் குறைக்கலாம். இந்தத் தந்தையின் தவறைக் கவனக்குறைவு என்று நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அவர் கட்டியது 640 பவுண். புள்ளிகளைச் சொல்லியிருந்தால் கட்ட வேண்டியிருந்தது 800 பவுண். நூற்றுக்கு எண்பது வீதம்தான் கட்டியிருக்கிறார் என்பதால், 5,500 பவுண் கோரிக்கைக்கு 4,400 பவுண் கணக்கிடப்பட்டது. கட்டணத்தில் 160 பவுண் மிச்சம். இழப்பீட்டில் 1,100 பவுண் நட்டம்.

அந்தச் சட்டத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நமக்குச் சாதகமானது. முன்பு, நிறுவனம் கேளாவிட்டாலும் முக்கியமான விடயங்களை எல்லாம் நாமாகவே சொல்லக் கடமைப்பட்டிருந்தோம். 2013 இலிருந்து அந்தக் கடமை நுகர்வோருக்கு இல்லை. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு உண்மையான பதிலைச் சொல்வதே நமது பொறுப்பு. கேள்வி தெளிவாகக் கேட்கப்பட்டதா என்பதும் பார்க்கப்படும். எனவே படிவத்திலுள்ள கேள்வியை ஒவ்வொரு சொல்லாக வாசியுங்கள். அதில் எந்தச் சொல் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் தங்கியுள்ளது.

உதாரணமாக, ஐந்து ஆண்டுகள் என்ற சொல். வேகக் குற்றத்துக்கான பதிவு, குற்றம் நிகழ்ந்த நாளிலிருந்து 4 ஆண்டுகள் அனுமதிப்பத்திரப் பதிவேட்டில் இருக்கும். அவற்றில் முதல் 3 ஆண்டுகளே, 12 புள்ளிகள் சேர்ந்தால் ஓட்டும் உரிமை பறிபோகும் கணக்குக்கு எடுக்கப்படும். இதனால் மூன்று ஆண்டுகள் போனால் போதும் என்று சிலரும், நான்கு ஆண்டுகள் போனால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று வேறு சிலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் காப்புறுதிப் படிவங்களில் பெரும்பாலும் கேட்கப்படுவது, "கடந்த ஐந்து ஆண்டுகளில் ஏதேனும் வாகனக் குற்றத் தீர்ப்போ தண்டப் புள்ளியோ பெற்றிருக்கிறீர்களா" என்பதே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு அடிப்படையாக இருப்பது, குற்றவாளிகளின் மறுவாழ்வு பற்றிய 1974 ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி, வயதுவந்தவர் ஒருவரின் அனுமதிப்பத்திரத்தில் ஏறிய புள்ளிகள் 5 ஆண்டுகளுக்குப் பின்னரே காலாவதியானதாகக் கருதப்படும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு அது இரண்டரை ஆண்டுகள். ஆக, பதிவேட்டிலிருந்து மறைந்தும், காப்புறுதிக்குச் சொல்ல வேண்டியதாக இருக்கும் ஓராண்டு இடையில் நிற்கிறது. என் அனுபவத்தில், நேர்மையான மனிதர்கள் அதிகம் இடறுவது இந்த ஓராண்டில்தான். அந்த ஐந்து ஆண்டுகள் கடந்த பின், நிறுவனம் கேட்டாலும் அதைச் சொல்லத் தேவையில்லை.

ஏற்கெனவே காப்புறுதி வைத்திருப்பவருக்கு இடையில் புள்ளிகள் ஏறினால் என்ன செய்வது? இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். சில ஒப்பந்தங்கள் உடனே அறிவிக்கும்படி கேட்கின்றன. சில, ஆண்டு முடிவில் புதுப்பிக்கும்போது சொன்னால் போதும் என்கின்றன. உங்கள் ஒப்பந்தப் புத்தகத்தில், மாற்றங்களை அறிவித்தல் என்ற பகுதியில் அது எழுதப்பட்டிருக்கும். நான் கூடுதலாகக் கவலைப்படுவது புதுப்பித்தலைப் பற்றியே. உறையைப் பிரித்தால் முதல் பக்கத்தில் புதிய கட்டணம். அதைப் பார்த்துவிட்டுக் கடிதத்தை மூடிவிடுகிறோம். இரண்டாம் மூன்றாம் பக்கங்களில், நீங்கள் முன்பு கொடுத்த விபரங்கள் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் பெயருக்கு நேரே, குற்றங்கள் என்ற கட்டத்தில், "இல்லை" என்று இருக்கும். இவற்றைச் சரிபார்த்து, மாற்றம் இருந்தால் அறிவியுங்கள் என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். அந்த வேண்டுகோளைக் கவனியாமல் விடுவதும் தவறான தகவல் கொடுத்ததாகக் கொள்ளப்படலாம் என்று சட்டமே சொல்கிறது. கட்டணம் வங்கியிலிருந்து தானாகப் போய் ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும் வீடுகளில், இந்தப் பக்கங்களை எவரும் பார்ப்பதேயில்லை. உங்கள் காரை ஓட்டுவதற்குப் பெயர் சேர்க்கப்பட்டிருக்கும் மனைவியின், மகளின், மருமகனின் புள்ளிகளும் அதே கட்டத்தில் வர வேண்டியவை என்பதையும் மறக்க வேண்டாம்.

புள்ளிகளுக்குப் பதிலாக வேக விழிப்புணர்வு வகுப்புக்குச் சென்றவர்கள் அடிக்கடி என்னைக் கேட்கிறார்கள். அந்த வகுப்பு குற்றத் தீர்ப்பும் அல்ல, புள்ளியும் அல்ல. ஆகவே தீர்ப்பும் புள்ளியும் உண்டா என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்பதே சரியான பதில். வகுப்புக்குப் போனீர்களா என்று நேரடியாகக் கேட்கும் நிறுவனங்களும் உண்டு. அங்கே "ஆம்" என்று சொல்ல வேண்டும்.

கட்டணம் ஏறும் என்ற பயத்தில், ஓட்டியவர் மகனாக இருக்க, தாயின் பெயரைக் கொடுத்துவிடலாம் என்று யோசிக்கும் வீடுகளும் இருக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். முன்னாள் அமைச்சர் கிறிஸ் ஹூனின் 2003 ஆம் ஆண்டு வேகப் புள்ளிகளை அப்போதைய மனைவி விக்கி பிரைஸ் ஏற்றுக்கொண்ட விடயம் வெளிவந்து, 2013 இல் இருவருக்கும் தலா எட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நீதியின் போக்கைத் திரித்தல் என்ற அந்தக் குற்றத்தோடு ஒப்பிட்டால், 3 புள்ளிகளும் 100 பவுணும் மிகச் சிறியவை.

நம்முடைய வாகனத்தால் இன்னொருவர் காயப்பட்டால், நாம் எதை மறைத்திருந்தாலும் அவருக்குரிய இழப்பீட்டைப் பொதுவாகக் காப்புறுதி நிறுவனம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பணத்தை நம்மிடமிருந்து திரும்பக் கோரும் நிலை வரலாம். ஒப்பந்தம் ரத்துச் செய்யப்பட்டால், பின்னர் விண்ணப்பிக்கும் நிறுவனங்களும் அதைப் பற்றிக் கேட்கும். அதற்கும் உண்மையையே சொல்ல வேண்டும். புள்ளிகளால் ஏறும் கட்டணம் சில ஆண்டுகளில் இறங்கிவிடும். ரத்தானது என்ற பதில் அப்படி எளிதில் நீங்குவதில்லை. நிறுவனம் எடுத்த முடிவு நியாயமற்றது என்று நினைப்பவர்கள், முதலில் நிறுவனத்திடமே முறையிட்டு, இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதங்களுக்குள் நிதிச் சேவைகளுக்கான குறைகேள் அதிகாரியிடம் செல்லலாம்; அதற்குக் கட்டணம் இல்லை.

படிவத்தில் கை வைக்கும் முன் செய்ய வேண்டியது எளிது. அனுமதிப்பத்திர அட்டையோடு வந்த, புள்ளிகள் குறிக்கப்பட்ட காகிதப் பகுதி 2015 ஜூன் 8 ஆம் திகதியோடு ஒழிக்கப்பட்டுவிட்டதால், அட்டையைப் பார்த்துப் புள்ளிகளை அறிய முடியாது. அரசாங்க இணையத்தளத்தில் அனுமதிப்பத்திர இலக்கம், தேசியக் காப்புறுதி இலக்கம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றையும் கொடுத்தால், குறியீடும் புள்ளிகளும் குற்றம் நிகழ்ந்த திகதியும் திரையில் வரும். அதே பதிவை உங்கள் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கொண்டு காப்புறுதி நிறுவனமும் பார்க்க முடியும். பெற்றோருக்காகப் படிவம் நிரப்பும் பிள்ளைகள், கேட்டுச் சங்கடப்படுத்துவதைவிட, அவர்களைப் பக்கத்தில் இருத்தி இந்தப் பக்கத்தைச் சேர்ந்து பார்ப்பது நல்லது. நான்கு ஆண்டுகள் முடிந்து பதிவு மறைந்துவிடும் முன், அந்தத் திகதிகளை எழுதி கார் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். ஐந்தாம் ஆண்டில் படிவம் கேட்கும்போது அவற்றை வேறெங்கும் தேட வேண்டியிருக்காது.