ஏர்ஹோஸ்டஸ்: பேரும் வேலையும்

வணக்கம்ங்க. பீளமேட்டில் விமானம் ஏறும்போது வாசலில் கைகூப்பி வரவேற்கிற பெண்ணை நாம் ஏர்ஹோஸ்டஸ் என்கிறோம். பத்திரிகைக்காரர்களுக்கு அவர் விமானப் பணிப்பெண். அதே இடத்தில் ஓர் ஆண் நின்றால் 'அந்தத் தம்பி' என்று ஒப்பேற்றிவிடுகிறோம். இத்தனைக்கும் இந்த வேலைக்கு முதலில் வந்தவர் ஆண்தான். 1912-லேயே ஜெர்மனியின் செப்பெலின் வான்கப்பலில் ஹைன்ரிச் கூபிஸ் பயணிகளைக் கவனிக்கிற ஸ்டூவர்டாக இருந்தார்.

முதல் பெண், எல்லன் சர்ச், 1930 மே 15 அன்று அமெரிக்காவில் பறந்தார். செவிலியர், விமானம் ஓட்டவும் கற்றவர். போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் என்ற விமான நிறுவனம் அவரை விமானியாக எடுக்கவில்லை. செவிலியர் கூட வந்தால் பயணிகளுக்குப் பயம் தெளியும் என்று அவர் சொன்ன யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டது. வேலைக்குச் சேர நிபந்தனையும் போட்டார்கள்: வயது 25-க்குள், எடை 115 பவுண்டுக்குள், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. சின்ன விமானம், எடை பார்த்தார்கள், சரி. கல்யாணம் என்ன பாரமுங்க?

இந்தியாவில் இந்தப் பேர் வழக்கு வரைக்கும் போனது. ஏர் இந்தியாவில் பெண்கள் 'ஏர்ஹோஸ்டஸ்', ஆண்கள் 'அசிஸ்டன்ட் ஃப்ளைட் பர்சர்'. பர்சருக்கு ஓய்வு 58 வயதில். ஏர்ஹோஸ்டஸுக்கு 35, சேர்ந்த நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்தாலோ, முதல் முறை கருவுற்றாலோ அதற்கு முன்பே வேலை போய்விடும். 1981-இல் ஏர்ஹோஸ்டஸ் நர்கீஷ் மிர்சாவின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியை ரத்து செய்தது. ஆனால் ஏர்ஹோஸ்டஸும் பர்சரும் தனித்தனிப் பணிப்பிரிவு, அதனால் பாகுபாடு இல்லை என்று சொல்லி, நான்கு வருடக் கல்யாணத் தடையை அப்படியே விட்டுவிட்டது. வேறு பேர் வைத்ததால்தான் வேறு விதி வைக்க முடிந்தது.

இப்போது வேலைக்கான பேர் கேபின் க்ரூ. 50 இருக்கைக்கு ஒருவர் என்பது கணக்கு. 180 பேர் உட்காரும் ஏர்பஸ்ஸில் குறைந்தது நான்கு பேர். ஆணா பெண்ணா என்று விதி கேட்பதில்லை. காபி கொடுப்பதற்காக வந்த கணக்கும் இல்லை இது. ஆபத்தில் ஆளை வெளியேற்றத்தான். பாதிக் கதவுகள் மட்டும் திறந்திருக்க, 90 வினாடியில் எல்லாரும் இறங்கிவிட முடியும் என்று காட்டினால்தான் அந்த ரக விமானத்துக்கு அனுமதியே கிடைக்கும். நிஜத்தில் அதைக் கெடுப்பது பெட்டி. மேலே இருக்கிற பையை ஒருவர் இழுத்தால் பின்னால் இருக்கிற வரிசை முழுக்க நின்றுவிடும். அதனால்தான் அவர்கள் அப்போது கெஞ்சாமல் அதட்டுவார்கள், கோவித்துக்கொள்ளாதீங்க.

உயிர்காப்பு அங்கியையும் உள்ளேயே ஊதிவிடக் கூடாது. தண்ணீர் புகுந்தால் அது ஆளைக் கூரையோடு தூக்கிப் பிடித்துக்கொள்ளும், குனிந்து கதவுக்குப் போக முடியாது. 1996-இல் கொமோரோஸ் கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில் பலர் இப்படித்தான் இறந்தார்கள். கதவைத் தாண்டும்போதுதான் அங்கியை ஊதவைக்கிற கயிற்றை இழுக்கணுமுங்க.