கதாபாத்திரத்தை நம்பும் நகைச்சுவைக்கு ஏன் கூட்டம் சேர்வதில்லை?

(வேலூரில் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இந்த அரங்கை வாடகையின்றித் தந்து உதவிய மாநகராட்சி அலுவலர்களே, காட்பாடியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் இந்த வெயிலில் பேருந்து பிடித்து வந்திருக்கும் நண்பர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். நம் தலைவர் அவர்கள் இப்பகுதிக் கூத்துக் கலைஞர்களுக்கு உதவித்தொகை மனுக்களைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்து வருபவர். அவர் தலைமையில் பேசக் கிடைத்ததைப் பேறாகக் கருதுகிறேன். தலைமையாசிரியர் ஐயாவிடம் படித்தவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கிறார்கள். அவர்கள் சார்பிலும் அவரை வணங்குகிறேன்.

துணுக்குகளை நம்பாமல் ஒரு மனிதனின் குணத்தை நம்பிச் சிரிக்க வைக்கும் படங்கள் சில ஏன் பரவலாக ஓடுவதில்லை என்பதே இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். மூன்று காரணங்களைச் சொல்ல விரும்புகிறேன்: நம் பார்வைப் பழக்கம், நாயகனைக் குறையற்றவனாகவே காண விரும்பும் மனம், திரையரங்கின் நாட்கணக்கு. ‘ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தப் படங்களின் கதை முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இவ்வகை நகைச்சுவை நமக்குப் புதியதன்று. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை ஏ.வி. மெய்யப்பன் 1941இல் ‘சபாபதி’ என்று படமாக்கியபோது, டி.ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் ஒரே பெயர் கொண்ட எசமானாகவும் வேலைக்காரனாகவும் நடித்தார்கள். அந்த இருவரின் அசட்டுத்தனத்தையும் நீக்கிவிட்டால் அதில் படமே இல்லை. ஆனால் அதே காலத்தில் இன்னொரு வழக்கமும் வேர்விட்டது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் தம் குழுவினருடன் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்துப் படங்களில் சேர்த்தார். அவருடைய மேதைமை அதற்குத் தகுந்தது. பின்னால் வந்தவர்கள் அந்த மேதைமையை விட்டுவிட்டுக் கதையோடு ஒட்டாத தனிப்பகுதி என்ற முறையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இன்று சிரிப்பொலி, ஆதித்யா போன்ற அலைவரிசைகள் அப்படி வெட்டியெடுத்த காட்சிகளை நாள் முழுவதும் ஓட்டுகின்றன. மூன்று நிமிடத்தில் சிரித்துப் பழகியவருக்கு, முக்கால் மணி நேரம் ஒருவனைப் பழகிய பிறகே சிரிப்பு வரும் படம் சலிப்பூட்டத்தான் செய்யும்.

இதை விளக்க, நம் மாவட்டத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். அணைக்கட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் திரௌபதியம்மன் கோயில் திடலில் பாரதக் கூத்து. துரியோதனன் சபைக்குக் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வருகிறான். வந்தவன் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைப் பார்த்து, “மாமா, ரெண்டு ரூபா கைமாத்து குடு, விடியறதுக்குள்ள தந்துடறேன்” என்றான். பெரியவரும் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த முறை வந்தபோது கட்டியங்காரன் அவர் பக்கம் திரும்பாமல் ஓரமாகவே நடந்தான். குழந்தைகள் சிலர் சிரித்தார்கள். நள்ளிரவில் துரியோதனன் கூப்பிட்டும் அவன் வரவில்லை. மிருதங்கக்காரரின் முதுகுக்குப் பின்னிருந்து, “மாமா தூங்கிட்டாரா?” என்று குரல் மட்டும் வந்தது. திடலில் பாதிப் பேர் சிரித்தார்கள். மூன்று மணி இருக்கும். இருவர் பிடித்திருந்த திரையின் விளிம்பில் ஒரு கை மட்டும் வெளியே வந்து, ஒரு விரலைக் காட்டிப் பாதிக் கடனுக்குத் தவணை கேட்டது. அவ்வளவுதான், ஊரே எழுந்து நின்று சிரித்தது. பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் ஆம்பூரில் தோல் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து சேர்ந்த ஓர் இளைஞர், பக்கத்தில் இருந்தவரிடம், “இன்னாணா, கையக் காட்னதுக்கா இம்மாஞ் சிரிப்பு?” என்று கேட்டார். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “நீ பத்து மணிக்கே வந்து குந்தியிருக்கணும்பா” என்றார்.

பத்து மணிக்கே வந்து உட்கார்ந்தவருக்குத்தான் மூன்று மணிச் சிரிப்பு. ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும். அந்தக் கையை மட்டும் வெட்டி முன்னோட்டமாகக் காட்டினால் யார் சிரிப்பார்கள்? இத்தகைய படத்தின் விளம்பரமே இதனால்தான் தோற்றுப்போகிறது.

திரையரங்கோ பொறுப்பதில்லை. வெள்ளிக்கிழமை வந்த படம் ஞாயிற்றுக்கிழமைக்குள் நிறையாவிட்டால் திங்கட்கிழமை அது காலைக் காட்சிக்குப் போய்விடுகிறது. வேலைக்குப் போகிறவர் எவரும் அதைப் பார்க்க முடியாது. பார்த்தவர் நான்கு பேரிடம் சொல்வதற்குள் படம் ஊரை விட்டே போய்விடுகிறது. 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ இரண்டு மனிதர்களின் வழிப்பயணத்தை நம்பிய படம். அரங்கில் தோற்றது, பிறகு தொலைக்காட்சியில் பார்த்தே மக்கள் அதைக் கொண்டாடினார்கள். 2005 தமிழ்ப் புத்தாண்டன்று ‘சந்திரமுகி’யும் ‘சச்சின்’னும் வந்த அதே நாளில் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ வந்தது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய அந்தப் படத்திற்கு மூச்சுவிடக்கூட இடமிருக்கவில்லை. ஒரு முடிதிருத்துபவரின் ஒற்றை வாக்கைச் சுற்றிச் சுழலும் ‘மண்டேலா’ 2021இல் அரங்குக்கே வராமல் தொலைக்காட்சியில் வெளியாகி, பிறகு இரண்டு தேசிய விருதுகளைப் பெற்றது. ஐந்நூறு பேர் சேர்ந்து சிரித்திருக்க வேண்டிய படத்தைத் தனித்தனி வீடுகளில் பார்த்தோம். என் மனம் இன்றும் அதற்காக வருந்துகிறது.

நாயகனைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். தன் குறை தனக்கே தெரியாத மனிதனைத்தான் இந்த நகைச்சுவை முன்னால் நிறுத்துகிறது. சுவரொட்டிக்குப் பாலூற்றும் ரசிகர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்.

இப்போது நம் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அவையின் சார்பில் வணக்கம். தக்க நேரத்தில் வந்தார்கள், ஏனென்றால் நம் கோரிக்கை அவர்களிடம்தான். இந்த அரங்கை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நமக்குத் தாருங்கள். ஓடாமல் போன நல்ல நகைச்சுவைப் படம் ஒன்றை, உரிய அனுமதி பெற்று, வெட்டாமல் முழுதாகத் திரையிடுவோம்; கூத்துக் கலைஞர்களை முன்வரிசையில் அமர்த்துவோம். கோட்டையைச் சுற்றிப் பார்க்க வெளியூரார் வரும் இந்த நகரத்தில், உள்ளூரார் கூடிச் சிரிக்க ஓர் இடம் வேண்டாமா? திரையரங்க உரிமையாளர்களையும் கேட்கிறேன்: சிறிய படத்திற்கு இரண்டாவது வாரமும் ஒரு மாலைக் காட்சி கொடுங்கள். ஆக்கப் பொறுத்தீர்கள், ஆறவும் பொறுங்கள்.

வாசலில் மனு வைக்கப்பட்டிருக்கிறது. பெயரும் ஊரும் தெளிவாக எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒரு படியை இன்றே அம்மையாரிடம் கொடுக்கிறோம். இன்னொன்றை வரும் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் கொடுப்போம். காலை பத்து மணிக்கு வாசலில் நிற்கிறோம், வரக்கூடியவர்கள் வந்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.