வரிசை எண் எதற்கு, நேரம் போட்டால் போதாதா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

போன வாரம் ஃபிளட்டிங் பற்றிப் பேசினேன் இல்லையா, ஒரு ரவுட்டர் (நெட்வொர்க்கில் செய்திகளுக்கு வழி காட்டும் பெட்டி) தன் லிங்க் (பக்கத்துப் பெட்டியோடு உள்ள இணைப்பு) நிலவரத்தைப் பக்கத்து ரவுட்டர்களுக்குச் சொல்ல, அவை அடுத்ததற்குச் சொல்ல, அப்படியே ஊர் முழுக்கப் போகும் என்று. அதைப் பார்த்துவிட்டு எண்ணூரிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "ஒரே செய்தி ரெண்டு வழியில் வருது, சில நேரம் பழசு பின்னாடி வருது, சரி. எது புதுசுன்னு பார்க்க எதுக்கு சார் வரிசை எண்? அனுப்பின நேரத்தைப் போட்டா போதாதா?" ரெண்டு நாளாக இது என்னை விடவே இல்லை.

எங்கள் தண்ணி லாரிக் கதையைப் பழைய ஆட்களுக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னொரு முறை சொல்கிறேன். வியாசர்பாடியில் எங்கள் தெருவுக்கு ரெண்டு வாய். காலையில் "இன்னைக்கு லாரி வராது" என்று கிளம்பிய சேதி, பின் சந்தில் நாலு திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் பொறுமையாக வரும். அதற்குள் மெயின் ரோட்டுப் பக்கமிருந்து "லாரி வந்துட்டுச்சு" என்று புதுச் சேதி ஓடி வந்திருக்கும். ஆயா ரெண்டு குடத்தோடு வாசலைத் தாண்டும்போது சந்துக்காரர் ஒருவர் "வராதாமே" என்றார். ஆயா திரும்பிவிட்டார். லாரி வந்து ஊற்றிவிட்டுப் போயே போய்விட்டது. அன்றிலிருந்து யார் எது சொன்னாலும் ஆயா ஒன்றுதான் கேட்பார்: "நீ பாத்தியா, எவனாவது சொன்னானா?"

வரிசை எண்ணின் உயிரே அந்தக் கேள்விதான். பார்த்தவன்தான் எண் போட வேண்டும், கேட்டவன் போடக் கூடாது. ஓஎஸ்பிஎஃப்பில் (ரவுட்டர்கள் இப்படிச் சேதி சொல்லி வழி கண்டுபிடிக்கும் முறைகளில் ஒன்று) ஒரு ரவுட்டர் தன் லிங்க் பற்றித் தானே எண் போட்டு அனுப்பும், நடுவில் இருப்பவர்கள் அதைத் தொடாமல் கடத்துவார்கள். பெரிய எண் வந்தால் புதுசு, எடுத்துவைத்துப் பரப்பு. அதே எண் வந்தால் டூப்ளிகேட், மேலே பரப்பாதே. சின்ன எண் வந்தால் பழசு. சும்மா தூக்கிப் போடுவதோடு நிற்காமல், கொண்டுவந்தவனுக்குத் தன்னிடம் இருக்கும் புதுசைத் திருப்பி அனுப்பும். சந்துக்காரரிடம் அன்றைக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவர் வீட்டிலும் தண்ணி இருந்திருக்கும்.

இப்போது தம்பியின் நேரத்துக்கு வருவோம். பல சின்ன ரவுட்டர்களில் கடிகாரத்துக்குப் பேட்டரியே கிடையாது, கரண்ட் போய் வந்தால் 1970இல் கண் விழிக்கும். சரியான நேரத்தை என்டிபியில் (நெட்வொர்க் வழியாக நேரம் கேட்கும் முறை) கேட்டு வாங்க வேண்டும், கேட்கப் போக வழி தெரிய வேண்டும், அந்த வழிக்காகத்தானே இந்தச் செய்தியே! அது கூடப் பரவாயில்லை. கடிகாரம் தப்பாக 2040க்குத் தாவி ஒரு செய்தியை அனுப்பிவிட்டுச் சரியாகிவிட்டால், பிறகு அது சொல்லும் உண்மை எல்லாம் பழசு என்று தள்ளப்படும்.

ஆனால் தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. ரவுட்டர் ரீபூட் ஆகித் தன் எண்ணையே மறந்துவிட்டால்? மறுபடி அடியிலிருந்து தொடங்கும், ஓஎஸ்பிஎஃப்பில் அது மைனஸ் 214 கோடி சொச்சம். பக்கத்து ரவுட்டர் "உன் பேரில் இதைவிடப் பெரிய எண் என்னிடம் இருக்கிறதே" என்று அந்தப் பழைய செய்தியையே திருப்பித் தரும். இவர் அதைப் பார்த்து, அதைவிட ஒன்று கூட்டிப் புதிதாக அனுப்புவார். தன் பழைய பேச்சைப் பக்கத்து வீட்டுக்காரர் வாயால் கேட்டுத் திருத்திக்கொள்கிற மாதிரி. இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

எண் தீர்ந்துவிடாதா? மொத்தம் 429 கோடிக்கு மேல். 5 விநாடிக்கு ஒன்று வீதம் செலவழித்தாலும் 600 வருஷத்துக்கு மேல் வரும். தீர்ந்தால், பழையதை எல்லா இடத்திலும் அழிக்கச் சொல்லிவிட்டுத்தான் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சுற்றிச் சுற்றி வரும் எண் கிடையாது. ஏனென்றால் அதில் சூடு பட்டிருக்கிறார்கள். 1980 அக்டோபர் 27, இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட். அங்கே வரிசை எண்ணுக்கு வெறும் 6 பிட் (0 அல்லது 1 நிற்கும் ஆறு இடங்கள்), 0 முதல் 63 வரை, பிறகு மறுபடி 0. கடிகார முள் மாதிரி, எது எதற்கு முன்னால் இருக்கிறது என்று பாதி வட்டத்தை வைத்துப் பார்ப்பார்கள். ஒரு கணுவின் (அங்கே ரவுட்டர் வேலை பார்த்த பெட்டி) வன்பொருள் கோளாறில் பிட்டுகள் உதிர்ந்து, பக்கத்துக் கணு அனுப்பிய செய்திக்கு 8, 40, 44 என்று மூன்று எண் ஆகிவிட்டது. அவர்கள் கணக்குப்படி 40, 8ஐ விடப் புதுசு. 44, 40ஐ விடப் புதுசு. 8 திரும்பவும் 44ஐ விடப் புதுசு! ஒவ்வொன்றும் இன்னொன்றைப் பழசு என்று தள்ளிவிட்டுத் தான் பரவும், நிற்கவே நிற்காது, வேறு வேலைக்கு நேரமில்லாமல் நெட்வொர்க் மணிக்கணக்கில் படுத்துவிட்டது. கடைசியில் அந்தப் பக்கத்துக் கணுவின் பேரில் எது வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று எல்லா இடத்திலும் திருத்தம் போட்டுத்தான் நிமிர்த்தினார்கள். 8, 40, 44ஐ பைனரியில் (0, 1 மட்டும் வைத்து எண் எழுதும் முறை) நீங்களே எழுதிப் பாருங்கள், எந்தப் பிட் உதிர்ந்தது என்று கண்ணிலேயே தெரியும்.