கூத்து நோட்டீஸ தூக்கிப் போடாதீங்க

[காட்சி: விடியக்காலை. திரௌபதி அம்மன் கோயில் முன்னால படுகளம் (துரியோதனன் சாகற கட்டம் நடக்கிற எடம்), மண்ணுல படுத்திருக்கிற துரியோதனன்]

வணக்கம்ங்க. பங்குனி பொறந்துட்டா நம்ம வேலூர், ஆரணி, செய்யாறு பக்கம் ஏதாவது ஒரு ஊர்ல பாரதம் நடந்துகிட்டே இருக்கும், மத்தியானம் பிரசங்கம், ராத்திரி விடிய விடிய தெருக்கூத்து. அத நம்ம ஊர்ல நாடகம்னுதான் சொல்லுவாங்க.

எங்க மாமா முப்பது வருஷமா துரியோதனன் வேஷம் கட்டினவரு. கல்யாண முருங்க மரத்துல செஞ்ச புஜக்கட்டைய இறுக்கிக் கட்டிக் கட்டி தோள்ல கயிறு தழும்பே விழுந்துடுச்சி. அறுபது வயசு தாண்டினதும் வயசான கலைஞருங்களுக்குத் தர்ற உதவித்தொகைக்கு எழுதிப்போட கூட்டிகினு போனோம், அங்க "நீங்க கலைஞர்ன்றதுக்கு என்ன ஆதாரம்"னு கேட்டாங்க. மாமா ஒண்ணும் பேசல, சட்டைய வெலக்கி தோளக் காட்டினாரு. தழும்ப ஃபைல்ல வைக்க முடியாதுங்களே.

[காட்சி: மரப்பெட்டியில கிரீடம், கண்ணாடி பதிச்ச மார்பதக்கம்]

மத்திய அரசு பணம் தருதான்னு கேட்டா, தருதுங்க. சங்கீத நாடக அகாடமி 1953லயே ஆரம்பிச்சது, அது பரிசு, விருதுன்னு போகும். நம்ம ஜமாவுக்கு, அதான் கூத்துக் குழுவுக்கு, நேரா உதவுறது கலாச்சார அமைச்சகத்தோட திட்டங்க. வயசான கலைஞருக்கு மாசம் 6,000 ரூபா வரைக்கும் உண்டு, 60 வயசு ஆகியிருக்கணும், வருஷ வருமானம் 72,000க்குள்ள இருக்கணும். அப்புறம் குரு சிஷ்ய மானியம், இது ரொம்ப முக்கியம்: வாத்தியாருக்கு மாசம் 15,000, கத்துக்கற புள்ளைங்களுக்கு வயசுக்குத் தக்கன 2,000லருந்து 10,000 வரைக்கும். யோசிச்சுப் பாருங்க, அடவு கத்துக்க வர்ற பையன் கம்பெனி வேலைக்கு ஓடாம ஜமாவுலயே நிப்பான். தஞ்சாவூர்ல தென் மண்டல பண்பாட்டு மையம் இருக்கு, அவங்க நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டு சம்பளம், வண்டிச் செலவு தருவாங்க.

ஆனா குரு சிஷ்ய மானியம் தனி ஆளுக்கு வராது, பதிவு பண்ண அமைப்புக்குத்தான் வரும். நம்ம ஜமா எல்லாம் வாத்தியார் வீட்டுத் திண்ணையில வாய்ப்பேச்சுல ஓடறது, ரசீது கிடையாது, பதிவு கிடையாது, அதனால டெல்லி கணக்குல நம்ம ஜமாவே இல்ல. இதுதாங்க எனக்கு மனசு ஆறல. 2025ல கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு பத்மஸ்ரீ கொடுத்தப்ப நாங்க அவ்ளோ சந்தோஷப்பட்டோம், அதே கூத்த ஆடற மத்தவங்க பேரு ஒரு காகிதத்துலயும் இல்லையே.

அதனால இன்னைக்கே செய்ங்க. ஜமாவ சங்கமா பதிவு பண்ணுங்க, பேங்க் கணக்கு தொறங்க, அப்புறம் என்ஜிஓ தர்பன்னு தொண்டு அமைப்புங்கள பதிவு பண்ற மத்திய அரசு வெப்சைட்ல ஜமா பேர சேருங்க. ஊர்க்காரங்க அடிக்கிற நோட்டீஸ்ல ஜமா பேரோட வேஷம் கட்டறவங்க பேரையும் போடச் சொல்லுங்க, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு எடுத்து வைங்க. தேதியோட போட்டோ, கூத்துக்கு ஒத்துகிட்டு தாம்பூலம் வாங்கினதுக்கு ஊர் நாட்டாமை கையெழுத்து, எல்லாமே ஆதாரம்தான். விதி அப்பப்ப மாறும், எழுதிப்போடறதுக்கு முன்னாடி அமைச்சக வெப்சைட்ல ஒருக்கா பாத்துடுங்க.

[காட்சி: மடிப்புல கிழிஞ்ச பழைய மஞ்ச நோட்டீஸ்]

இது ஆர்மோனியப் பெட்டி அடியில விரிச்சிருந்தது. பதினெட்டாம் போர், துரியோதனன் வேஷம்னு போட்டு பக்கத்துல மாமா பேரு இருக்கு பாருங்க. இத வெச்சு போன வாரம் மறுபடியும் எழுதிப் போட்டிருக்கோம்.